எரிபொருள் விளையும் நிலம்: தரிசு, உபரி, கழிவு என்னும் மூன்று சொற்கள்

பயிரிலிருந்து எடுக்கப்படும் எரிபொருள் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று, வண்டி ஓட்டுகிறவர்களின் பேச்சு. எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைகிறதா, என்ஜின் கெட்டுப்போகுமா என்று டீக்கடையிலிருந்து உச்சநீதிமன்றம் வரை போன பேச்சு அது. 2025 செப்டம்பரில் அந்த வழக்கு தள்ளுபடியானது. மற்றொன்று அரசின் பேச்சு: அந்நியச் செலாவணி மிச்சம், விவசாயிக்கு வருமானம், புகை குறைவு. இரண்டு பேச்சிலும் நிலம் கிடையாது. எந்த மண்ணில், எந்தத் தண்ணீரில், யாருடைய புழக்கத்தில் இருந்ததை எடுத்து இந்த எரிபொருள் செய்யப்படுகிறது என்ற கேள்வி கிடையாது.

அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்வதற்கு மூன்று சொற்கள் பயன்பட்டிருக்கின்றன: தரிசு, உபரி, கழிவு. நிலத்தைப் பற்றிப் பேசும்போது தரிசு. தானியத்தைப் பற்றிப் பேசும்போது உபரி. வைக்கோல், தட்டை, பாகு பற்றிப் பேசும்போது கழிவு. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு பொருளை ஏற்கெனவே பயன்படுத்திக் கொண்டிருக்கிறவர்களை இந்தச் சொற்கள் காணாமல் அடித்துவிடுகின்றன. மதுரையையும் அதைச் சுற்றியுள்ள சமவெளியையும் முன்னிறுத்தி இம்மூன்று சொற்களையும் பார்க்கலாம்.

1

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 ஒன்றியப் பகுதிகளிலும் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலப்பது கட்டாயமாக்கப்பட்டது. அதே 2003-ல் திட்டக் கமிஷனின் குழு ஒன்று டீசலுக்கு மாற்றாகக் காட்டாமணக்கு எண்ணெயைப் பரிந்துரைத்தது. 2009-ல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் பெட்ரோல், டீசல் இரண்டிலும் 20 சதவீதக் கலப்பு என்று இலக்கு வைத்தது. டீசல் பக்கம் அது ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2018-ல் புதிய கொள்கை வந்தது. டீசலுக்கு 2030-க்குள் 5 சதவீதம் என்று இலக்கு சுருங்கியது. பெட்ரோலில் 20 சதவீதம் 2030-க்கு என்று சொல்லப்பட்டு, பிறகு 2025-26-க்கு முன்னுக்கு இழுக்கப்பட்டது. 2022 ஜூனில் 10 சதவீதம், 2025-ல் 20 சதவீதம் என்று எட்டியும் விட்டார்கள்.

ஒரே கொள்கையின் இரண்டு கைகளில் ஒன்று சூம்பிப்போயிற்று, மற்றொன்று வளர்ந்துவிட்டது. 'பயன்படாத நிலத்தில் உணவுக்குப் போட்டியில்லாத செடி' என்று சொல்லி ஆரம்பித்தது தோற்றது. நல்ல நிலத்தில் விளைந்த உணவுப் பயிரை எடுத்தது ஜெயித்தது. 2009 கொள்கையின் அடிப்படை வாக்குறுதியே உணவோடு மோதமாட்டோம் என்பதுதான். அந்த வாக்குறுதி 2018-ல் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. இது ஏன் நடந்தது என்று கேட்கவேண்டும். முதலில் தோற்ற கதை.

2

காட்டாமணக்கு நமக்குப் புதிதல்ல. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த செடி என்றாலும் இங்கே வேலிச்செடியாகப் பல தலைமுறை இருந்தது. ஆடு கடிக்காது, மாடு தின்னாது, அதனால் வேலிக்கு ஆகும். கொட்டையில் விஷம் உண்டு. எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்க முடியாது. கடலையோ எள்ளோ ஆட்டினால் எண்ணெய் மனிதனுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு, சாணி மண்ணுக்கு என்று ஒரு சுற்று உண்டு. காட்டாமணக்கில் அந்தச் சுற்று அறுந்துபோகிறது.

இந்த வேலிச்செடியைத்தான் வயலுக்குள் கொண்டுவந்தார்கள். டீசலில் 20 சதவீதம் கலக்க 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேர் காட்டாமணக்குத் தேவை, ஹெக்டேருக்கு 3.75 டன் கொட்டை கிடைக்கும் என்று திட்டக் கமிஷன் குழு கணக்குப் போட்டது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் மேடைக்கு மேடை அதைப் பற்றிப் பேசினார். தமிழ்நாட்டில் கூட்டுறவு வங்கி வழியாகக் கடனும் மானியமும் என்று சொல்லப்பட்டது. 2006 ஜனவரி முதல் எண்ணெய் நிறுவனங்கள் லிட்டர் 25 ரூபாய்க்கு உயிரி டீசல் வாங்கும் என்று விலையும் வைத்தார்கள். அந்த விலைக்கு எண்ணெய் எடுத்துக் கொடுக்கக் கட்டுபடியாகவில்லை.

மண்ணிலும் கட்டுபடியாகவில்லை. வறட்சி தாங்கும் செடி என்று சொன்னதில் பொய் இல்லை, செடி சாகாது. ஆனால் சாகாமல் இருப்பது வேறு, காய்ப்பது வேறு. காய்க்கவேண்டுமானால் தண்ணீர் விடவேண்டும், உரம் வைக்கவேண்டும். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆய்வு செய்து பெரே அரிசா-மொந்தோபியோவும் ஷரச்சந்திர லேலேயும் 2010-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. மகசூல் சொன்னதற்கு மிகக் கீழே இருந்தது. செடி பெரும்பாலும் தரிசில் அல்ல, விவசாயிகளின் சொந்தப் பட்டா நிலத்தில் ஏறியது. கடலை போன்ற பயிர்களை வெளியே தள்ளியது. கிணறு உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அதிகமாக்கியது. தரிசுக்கு என்று வந்த செடி, தரிசில் காய்க்காது என்று தெரிந்ததும் நஞ்சைக்கும் தோட்டத்துக்கும் கைநீட்டியது. அப்படியானால் 'தரிசு' என்ற சொல் நிலத்தைக் குறித்ததா, நுழைவதற்கான அனுமதிச்சீட்டைக் குறித்ததா?

3

தரிசு என்றால் என்ன? சம்சாரியின் வாயில் அது ஒரு காலத்தைக் குறிக்கும் சொல். 'இந்த வருஷம் தரிசாப் போட்டிருக்கு' என்பார்கள். மழை பெய்யவில்லை, அல்லது மண்ணுக்கு ஓய்வு, அல்லது கையில் காசில்லை. அடுத்த வருஷம் மழை விழுந்தால் அதுவே கம்பங்கொல்லை. வருவாய்த்துறையின் வாயில் அது நிலத்தின் சாதியாகிவிடுகிறது. ரயத்துவாரி முறையில் வெள்ளைக்காரன் நிலத்தைப் பார்த்தது வரிக் கண்ணால். வரி தரும் நிலம் நிலம், தராதது தரிசு. அதிலும் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று பிரிவு. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பயிர் இருந்தால் பயிரின் பேர் எழுதப்படும், இல்லாவிட்டால் தரிசு என்று எழுதப்படும். அந்த வருஷம் அங்கே எத்தனை ஆடு மேய்ந்தது, யார் விறகு பொறுக்கினார்கள், எந்தக் கீதாரி கிடை போட்டார் என்பது அதில் ஏறாது.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று ஞாபகம் வரவேண்டும். தொல்காப்பியம் பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்து, தம் இயல்பு கெட்டுப்போகும்போது அது பாலை என்ற வடிவம் கொள்கிறது என்பது சிலப்பதிகாரத்தின் விளக்கம். மதுரைக் காண்டத்தின் காடுகாண் காதையில் வருகிறது. அதாவது வறண்ட நிலம் என்பது நிலத்தின் பிறவிக் குணமல்ல, அதற்கு நேர்ந்த ஒரு நிலைமை. நேர்ந்தது எப்படி என்று கேட்க இந்தப் பார்வை இடம் தருகிறது. வருவாய்ப் பதிவேட்டின் பார்வை அந்த இடத்தைத் தருவதில்லை. பழசைத் தூக்கிப்பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. நிலத்தைப் பார்ப்பதற்கு வேறு கண்களும் இருந்திருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

மதுரைக்குத் தெற்கே சாத்தூர் வட்டாரத்தில் ஜெனிஃபர் பாக்கா என்ற ஆய்வாளர் இந்தக் கேள்வியைத்தான் களத்தில் வைத்துப் பார்த்தார். காட்டாமணக்குக்காக 'சும்மா கிடந்த' நிலம் என்று எடுக்கப்பட்ட இடத்தில் சும்மா எதுவும் கிடக்கவில்லை. அங்கே வேலிக்கருவை இருந்தது. அதை வெட்டி விறகாகவும் கரியாகவும் விற்று வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். வீட்டு அடுப்பிலிருந்து செங்கல் சூளை வரை, பிறகு மரக்கழிவு எரிக்கும் மின்நிலையம் வரை அந்த விறகு போய்க்கொண்டிருந்தது. தரகர்கள் வழியாக நிலம் கைமாறியது. பாக்காவும் ராப் பெய்லிஸும் 2014-ல் வெளியிட்ட கணக்கின்படி, அதே நிலத்தில் கருவை தந்துகொண்டிருந்த பயனுள்ள ஆற்றல், காட்டாமணக்கு தரக்கூடியதைப்போல் இரண்டரை மடங்கிலிருந்து பத்து மடங்கு வரை அதிகம். ஆற்றல் தேவை என்று சொல்லி, ஏற்கெனவே ஆற்றல் தந்துகொண்டிருந்த நிலத்தை அழித்து, குறைவான ஆற்றல் தரும் செடியை வைத்தார்கள். முன்னது ஏழை வீட்டு அடுப்புக்குப் போயிற்று, பின்னது லாரிக்குப் போகும் என்பதுதான் வித்தியாசம்.

இதை வைத்துக்கொண்டு சீமைக்கருவைக்கு வக்காலத்து வாங்கவேண்டியதில்லை. கம்மாய்க்குள் புகுந்து நீர்ப்பிடிப்பை விழுங்கிய மரம் அது. அதை அகற்றச் சொல்லி 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவே போட்டது. ஆனால் கருவையை ஒழி என்று சொல்லும்போதும், காட்டாமணக்கு வை என்று சொல்லும்போதும், அந்த நிலத்தில் நின்றுகொண்டிருக்கும் ஆள் இரண்டு பேச்சிலும் இல்லை. பெரும்பாலும் அந்த ஆள் பட்டா இல்லாதவர், தலித், அல்லது ஆடு வைத்திருக்கும் பெண். 2006-ல் நிலமற்றவர்களுக்கு இரண்டு ஏக்கர் தரிசு தரும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஏறத்தாழ அதே காலத்தில் அதே தரிசைக் காட்டி எரிபொருள் தோட்டமும் பேசப்பட்டது. ஒரே சொல்லுக்கு இரண்டு உரிமைக்காரர்கள். யாருடைய கை நீளம் என்று விளக்கவேண்டியதில்லை.

4

காட்டாமணக்கு தோற்றபின் கொள்கையின் மொழி மாறியது. 'தரிசு' பின்னுக்குப் போய் 'உபரி' முன்னுக்கு வந்தது. 2018 கொள்கை, கரும்புச் சாறு, மக்காச்சோளம், மரவள்ளி, உடைந்த அரிசி ஆகியவற்றை எத்தனாலுக்கு அனுமதித்தது. தானியம் உபரி என்று தேசிய உயிரி எரிபொருள் ஒருங்கிணைப்புக் குழு முடிவு செய்தால் அதையும் எடுக்கலாம்.

உபரி என்பதை யார் முடிவு செய்வது? 2020 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கில் கூலித் தொழிலாளிகள் நெடுஞ்சாலைகளில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்கள். அந்த ஏப்ரல் 20-ல் அந்தக் குழு கூடி, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கில் இருக்கும் அரிசி உபரி, அதைச் சானிடைசருக்கும் பெட்ரோலில் கலக்கவும் எத்தனாலாக மாற்றலாம் என்று முடிவு செய்தது. கிடங்குக் கணக்கில் அது சரிதான். இருப்பு விதிப்படி வேண்டியதைவிட அதிகம் இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். கிடங்கில் உபரியும் வயிற்றில் பற்றாக்குறையும் ஒரே சமயத்தில் இருக்கமுடியும். இடையில் இருப்பது வாங்கும் சக்தி. வாங்க முடியாதவனின் பசி, கணக்கில் தேவையாக ஏறாது. ஆகவே மிச்சம் உபரி.

2025-ல் 52 லட்சம் டன் அரிசி எத்தனாலுக்கு ஒதுக்கப்பட்டது, கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு. கழகம் அதை வாங்கி, ஏற்றி இறக்கிச் சேமித்து வைக்க ஆகும் செலவு கிலோவுக்கு நாற்பது ரூபாயை ஒட்டியது. மீதி நம் வரிப்பணம். ஒரு டன் அரிசியில் ஏறத்தாழ 450 லிட்டர் எத்தனால் வரும். நாற்பது லிட்டர் டேங்க் உள்ள காரை நிரப்பினால் அதில் எட்டு லிட்டர் எத்தனால். அது முழுக்க அரிசியில் வந்ததென்று வைத்துக்கொண்டால் சுமார் பதினெட்டு கிலோ அரிசி. நம் ஊரில் பல குடும்பங்களுக்கு ரேஷனில் மாதம் கிடைப்பது இருபது கிலோ. அந்த எட்டு லிட்டரும்கூட எட்டு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமாகாது. எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

உபரி எவ்வளவு நிலையற்றது என்பது 2023-ல் தெரிந்தது. மழை குறைந்தது. ஜூலையில் எத்தனாலுக்கு அரிசி தருவது நிறுத்தப்பட்டது. டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்டில் இரண்டும் தளர்த்தப்பட்டன. ஆனால் கலப்பு இலக்கு ஒருநாளும் தளரவில்லை. ஆலைகள் நின்றுபோக முடியாதே, அவை மக்காச்சோளத்துக்குத் திரும்பின. 2023-24-ல் எத்தனாலின் மூலப்பொருட்களில் மக்காச்சோளம் முதலிடத்துக்கு வந்தது. அதுவரை மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024-ல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. தீவன விலை ஏறியதென்று நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் முறையிட்டார்கள். பெட்ரோல் இறக்குமதியைக் குறைக்கக் கிளம்பிய திட்டம் சோள இறக்குமதியில் போய் நின்றது. கோழிமுட்டைதான் நம் சத்துணவுக் கூடத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் புரதம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

5

திருமங்கலம் தாண்டி தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனால் கரிசல். மானாவாரி பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, ஊடே துவரை, தட்டாம்பயறு என்று கலந்து போட்ட நிலம். அங்கே மக்காச்சோளம் வந்து வருஷக்கணக்கில் ஆகிறது. முதலில் கோழித்தீவனத்துக்காக வந்தது. எத்தனால் அந்தப் பிடியை இறுக்குகிறது. விதை கம்பெனி விதை, ஒவ்வொரு வருஷமும் காசு கொடுத்து வாங்கவேண்டும். யூரியா இரண்டு மூன்று தடவை வைக்கவேண்டும். களைக்கு அட்ரசின் அடித்தால் அகன்ற இலைச் செடி எதுவும் வராது. அதாவது ஊடுபயறு வராது. பயறு போனால் வீட்டுக் குழம்பில் பருப்பு போயிற்று, மண்ணில் தழைச்சத்தும் போயிற்று. அதை ஈடுகட்ட இன்னும் யூரியா. 2018-ல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழு அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தைச் சூறையாடியது. அதிலிருந்து மருந்தடிப்பும் செலவுக் கணக்கில் நிரந்தரமாக ஏறிவிட்டது.

சூழலுக்கு நல்லது என்ற கணக்கு எங்கே உடைகிறது என்பதை இங்கிருந்து பார்க்கலாம். அரசுத் தரப்பு வாதம் எளிமையானது: செடி காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது, எரிக்கும்போது அதையே திருப்பித் தருகிறது, ஆகவே பூஜ்யம். முதல் ஓட்டை, யூரியா. அதைச் செய்வதே இயற்கை எரிவாயுவில்தான். வயலில் போட்டபின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறி மேலே போகிறது. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு. இரண்டாவது ஓட்டை, ஆலைக் கொதிகலன். அதில் நிலக்கரி எரிந்தால், நிலக்கரியைச் சாராயமாக மாற்றுகிறோம் என்றுதான் பொருள். மூன்றாவது ஓட்டைதான் பெரிசு: நிலம். அந்த நிலம் எப்படியும் ஏதோ ஒன்றை விளைவித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த விளைச்சலை எரிபொருளுக்குத் திருப்பினால், இல்லாமல்போன உணவை உலகின் வேறு மூலையில் யாரோ காட்டை அழித்தோ மேய்ச்சலை உழுதோ விளைவிப்பார்கள். டிமதி சர்ச்சிங்கரும் மற்றவர்களும் 2008-ல் இதைக் கணக்கிட்டு, அமெரிக்கச் சோள எத்தனால் முப்பது வருஷ அளவில் வெப்ப வாயுக்களை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் என்றார்கள். பின்னால் வந்த கணக்குகள் அந்த எண்ணைக் குறைத்தன. கேள்வியை யாராலும் நீக்க முடியவில்லை. இந்தோனேசியாவில் பனையெண்ணெய்க்காகச் சதுப்புக்காடுகள் எரிந்தது நாம் கண்ணால் கண்டது. 2007-ல் மெக்சிகோவில் சோள ரொட்டி விலை ஏறி ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷம்தான் ஐ.நா.வின் உணவு உரிமைச் சிறப்பு அறிக்கையாளர் ஜான் சீக்லர், உணவை எரிபொருளாக்குவது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று சொன்னார்.

6

கரும்புக்கு வருவோம். எத்தனால் ஆதரவாளர்களிடம் உள்ள வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுத்தால் புதிதாக ஒரு செண்டு நிலமும் வேண்டாம். ஆலைக்குக் காசு புரண்டால் கரும்புக்காரனின் பாக்கி அடையும். அலங்காநல்லூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் கரும்பு வரத்துக் குறைந்து 2019-க்குப் பிறகு அரவை நின்றது. அதைத் திறக்கச்சொல்லி விவசாயிகள் உட்கார்ந்த போராட்டங்களை மதுரைக்காரர்கள் அறிவார்கள். அவர்களிடம் போய் எத்தனால் கெடுதல் என்று உபதேசம் பண்ணுவது அசிங்கம்.

ஆனால் ஆலை ஏன் நின்றது? கரும்பு இல்லை. கரும்பு ஏன் இல்லை? நிலுவையும் விலையும் ஒரு காரணம், தண்ணீர் மற்றொரு காரணம். கரும்பு ஏறத்தாழ ஒரு வருஷம் வயலில் நிற்கும் பயிர். 1895-ல் முல்லைப்பெரியாறு, 1959-ல் வைகை அணை என்று கட்டி, முறைவைத்துத் தண்ணீர் விட்டு, அதிலும் மேலூர்ப் பகுதிக்கு ஒருபோகம்தான் என்று வாழும் ஆயக்கட்டு இது. 58ஆம் கால்வாயில் தண்ணீர் விடச்சொல்லி உசிலம்பட்டிக்காரர்கள் வருஷாவருஷம் கேட்கவேண்டியிருக்கிறது. நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட வரைவே ஒத்துக்கொள்கிறது: கரும்புவழி ஒரு லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர், நாட்டின் பாசன நீரில் 70 சதவீதத்தைக் கரும்பும் நெல்லும் மட்டும் குடிக்கின்றன. அந்த காரின் எட்டு லிட்டருக்கு ஏறத்தாழ 23,000 லிட்டர். கோடையில் மதுரைத் தெருக்களில் ஓடும் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஏறத்தாழ இரண்டு. பாகு வரை நிற்பது ஒன்று. எத்தனாலுக்காகவே சாறைப் பிழிவதும், அதற்காகக் கரும்புப் பரப்பைக் கூட்டுவதும் வேறொன்று. 2018-க்குப் பிறகு கொள்கை இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

ஆலையிலிருந்து வெளியே வருவதையும் பார்க்கவேண்டும். பாகிலிருந்து ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் எட்டிலிருந்து பதினைந்து லிட்டர் வரை கரும்பழுப்புக் கழிவுநீர் வரும். ஆக்சிஜனை உறிஞ்சும் அதன் சக்தி நகரச் சாக்கடையைப்போல் நூறு மடங்குக்கு மேல். சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்பது சட்டம். பஞ்சாபில் ஜீரா அருகே மன்சூர்வால் கிராமத்தில், எத்தனால் ஆலையால் நிலத்தடி நீர் கெட்டுவிட்டதென்று 2022 ஜூலையில் ஜனங்கள் வாசலில் உட்கார்ந்தார்கள், குளிரிலும் எழுந்திருக்கவில்லை. 2023 ஜனவரியில் ஆலையை மூடுவதாக முதலமைச்சர் அறிவிக்கவேண்டி வந்தது. தமிழ்நாடு அரசும் 2023-ல் தனியாக ஒரு எத்தனால் கலப்புக் கொள்கை வெளியிட்டு முதலீட்டாளர்களை அழைத்திருக்கிறது. ஆலை எந்த ஊர்க் கிணற்றுக்குப் பக்கத்தில் வரும் என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

7

மூன்றாவது சொல், கழிவு. உணவுக்குப் போட்டி என்ற விமர்சனத்துக்குப் பதிலாக இப்போது 'இரண்டாம் தலைமுறை' என்று பேசுகிறார்கள். தானியம் வேண்டாம், வைக்கோலே போதும் என்கிறார்கள். 2022 ஆகஸ்டில் பானிபட்டில் அப்படி ஒரு ஆலை திறந்தார்கள். வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் என்று கணக்கு. பஞ்சாப், ஹரியானாவில் இயந்திரம் அறுத்த தாளை வயலிலேயே எரிக்கிறார்கள், டில்லி மூச்சுத் திணறுகிறது. அங்கே இதற்கு ஓர் அர்த்தம் இருக்கலாம்.

மேலூர்ப் பக்கம் வைக்கோலைக் கழிவு என்று சொல்லிப்பாருங்கள், சிரிப்பார்கள். அது மாட்டுத்தீவனம். படப்புப் போட்டுக் கோடை முழுக்க வைத்திருப்பார்கள். இப்போது சுருட்டுக் கட்டாகக் கட்டி கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. அறுத்த வயலில் நிற்கும் தாளை மேயக் கிடை வருகிறது. கிடை போட்டால் புழுக்கை வயலுக்கு உரம். மக்காச்சோளத் தட்டையும் அப்படியே. கரிசலில் இதெல்லாம் எழுதப்படாத பொதுச்சொத்து. ஆலை வந்து டன்னுக்கு விலை வைத்தால் வயல்காரனுக்கு நாலு காசு கிடைக்கும். அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் வயல் இல்லாமல் இரண்டு ஆடு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வருஷம் மேய்ச்சல் போயிற்று. மண்ணுக்குத் திரும்பவேண்டிய கரிமமும் போயிற்று. கழிவு என்று பேர் வைத்தவுடன் இந்த நஷ்டத்தைக் கேட்க ஆளில்லாமல் போகிறது.

8

சில ஆட்சேபங்கள் எழும். பெட்ரோலை ஆதரிக்கிறாயா என்பது ஒன்று. இல்லை. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு மாற்றுத் தேடத்தான் வேண்டும். கேள்வி, எந்த மாற்று, யார் தலையில் என்பது. இலை சூரிய ஒளியில் ஒரு சதவீத அளவைத்தான் செடியின் உடம்பாக மாற்றுகிறது. சூரியத் தகடு இருபது சதவீத அளவை மின்சாரமாக்குகிறது. காரை ஓட்டத்தான் நிலம் வேண்டுமென்றால் பயிர் மிக மோசமான வழி. அதற்காகச் சூரிய மின்சாரம் புனிதம் என்றும் சொல்லமுடியாது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது ஏறத்தாழ 2,500 ஏக்கர் வறண்ட நிலத்தில். அங்கேயும் அந்தப் பழைய சொல்தான் முன்னால் நடந்து வழிவிட்டது. கூரையிலும் கட்டிடத்திலும் போடுவது, பஸ்ஸை அதிகமாக்கிக் காரைக் குறைப்பது ஆகியவை பற்றிப் பேச்சு வராமல் எரிபொருளை மட்டும் மாற்றிக்கொண்டே போவதில் ஒரு வர்க்க நியாயம் ஒளிந்திருக்கிறது: கார் குறையக்கூடாது, மற்றது எது குறைந்தாலும் பரவாயில்லை.

மற்றொரு ஆட்சேபம், விவசாயிக்கு விலை கிடைக்கிறதே என்பது. கிடைக்கட்டும். நிலுவைத்தொகை, ஆதரவு விலை, கொள்முதல் ஆகியவை விவசாயியின் உரிமைகள். கார் டேங்குக்கு விற்றால்தான் அவை கிடைக்கும் என்று ஆக்கிவைப்பது கொள்கையின் தோல்வி. குதிரைவாலிக்கும் துவரைக்கும் அதே உறுதியோடு கொள்முதல் இருந்தால் பேரையூர்க்காரர் மக்காச்சோளத்தையே கட்டிக்கொண்டு அழவேண்டியதில்லை.

களத்தில் இருக்கும் நண்பர்களுக்குச் செய்ய வேலை இருக்கிறது. கிராமசபையில் ஊரின் 'அ' பதிவேட்டையும் அடங்கலையும் கேட்டு வாங்கி, அதில் தரிசு, புறம்போக்கு என்று எழுதப்பட்ட ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே, அங்கே உண்மையில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை ஊர்க்காரர்களே எழுதவேண்டும். எத்தனை ஆடு, எத்தனை வீட்டு விறகு, எந்த மாதம் எந்தக் கிடை, எந்த மூலிகை, எந்தச் சுடுகாட்டுப் பாதை. அதைத் தீர்மானமாகப் போட்டு வைக்கவேண்டும். நாளைக்கு ஒரு கம்பெனி, எரிபொருள் என்றோ காற்றாலை என்றோ கரிமக் கடன் என்றோ வேறு பேரில் வரும்போது, 'சும்மா கிடக்கிற நிலம்தானே' என்று யாரும் சொல்ல முடியாமல் இருக்க அந்தத் தாள் உதவும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. கரிசலின் புழக்கத்தில் நிலத்துக்கும் மேய்ச்சலுக்கும் தாளுக்கும் தட்டைக்கும் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. கி. ராஜநாராயணன் அகராதி போட்டுச் சேர்த்தார். அவற்றை இலக்கிய ருசிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, கட்டுரை எழுத உட்கார்ந்ததும் தரிசு, உபரி, கழிவு என்று கோப்பு மொழியிலேயே நாமும் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதைப் பற்றி நண்பர்கள் எழுதவேண்டும். மாற்றுக் கணக்குகள் இருந்தாலும் முன்வைக்கவேண்டும்.